பறக்கிற ‘ஏ’யை வரைஞ்சவர் ஆர்?

பழைய வாகனம் வச்சிருக்கிற ஆக்கள் கேக்கிற கேள்விகளுக்கு இந்தப் பக்கத்தில பதில் எழுதிக்கொண்டு வாறன். இந்த முறை ஒரு கடிதம் மற்றதெல்லாத்தையும் தள்ளிப்போட்டு முன்னுக்கு வந்திட்டுது. அதுக்கு நீளமா எழுதப்போறன், மற்ற ஆக்கள் கோவிக்காதேங்கோ.

கேள்வி (கொக்குவில் வாசகர்): வணக்கம் அண்ணை. எங்கட அம்மப்பா ஓடின ஒஸ்ரின் ஏ40 சோமசெற் கார் இப்ப என்ரை பொறுப்பில இருக்கு. பொனற்றுக்கு மேல நிக்கிற அந்தப் பறக்கிற ‘ஏ’ எழுத்துச் சின்னம் முழுக்கப் பொக்களிச்சு வெடிச்சுப் போச்சு. ஸ்ரான்லி வீதிப்பக்கம் பூட்டப்போற ஒரு பழைய ஸ்பெயார் பார்ட்ஸ் கடையில பெட்டியோட ஒண்டு கிடைச்சுது. கம்பனிப் பேர் ஒண்டும் இல்லை. பாக்க அதே மாதிரித்தான், ஆனா பாரம் கூட, செட்டை கொஞ்சம் தடிப்பு, கீழ பூட்டுறதுக்கு நீட்டிக்கொண்டிருக்கிற புரி வெட்டின ஸ்ரட்டும் பொனற் ஓட்டைக்கு நேர வருகுதில்லை. இது ஒறிஜினலோ டூப்ளிக்கேற்றோ? இன்னொண்டு அண்ணை, இந்தச் சின்னத்தை முதல்ல வரைஞ்சது ஆர்? கராஜில ஆரைக் கேட்டாலும் தெரியாதெண்டுதான் சொல்லுகினம்.

பதில்: தம்பி, முதல்ல சாமானைப் பற்றிச் சொல்லிப்போட்டு ஆளிட்ட வாறன்.

நீங்கள் அனுப்பின ரெண்டு படத்தையும் பக்கத்தில பக்கத்தில வச்சு வடிவாப் பாத்தன். உங்கட காரில இருக்கிறதுதான் ஒறிஜினல், பெட்டியில வந்தது ஆரோ பேந்து செய்து வித்தது. எப்பிடிச் சொல்லுறன் எண்டால், ஒறிஜினலைக் கவிட்டுப் பாருங்கோ, உள்ளுக்குக் கோறையா இருக்கும், மெல்லிசான வரம்பு ஓடியிருக்கும், அங்கங்க சின்ன வட்டத் தழும்பு தெரியும். உருக்கின உலோகத்தை இரும்பு அச்சுக்குள்ள பிறஷரில அடிச்சு, இறுகினாப்போல கம்பியால தள்ளி வெளியில எடுத்த அடையாளம் அது. அந்த உலோகத்துக்கு மசாக் எண்டு பேர், நாகத்தோட கிட்டத்தட்ட 4 வீதம் அலுமினியம் கலந்தது. பெட்டியில வந்ததின்ரை கீழ்ப்பக்கம் மணல் மணலாக் கிடக்குது, படத்திலயே தெரியுது, அது மண் அச்சில வார்த்த பித்தளை. பித்தளை மசாக்கைவிடக் கால்வாசிக்கு மேல பாரம், அதுதான் உங்கட கைக்கு வித்தியாசம் தெரிஞ்சது. சந்தேகமெண்டால் வெளியில தெரியாத மூலையில சின்ன அரத்தால ஒருக்கா இழுத்துப் பாருங்கோ, மஞ்சளா வந்தால் பித்தளை, சாம்பல் வெள்ளையா வந்தால் மசாக்.

ஓட்டை சரிவராததுக்கும் காரணம் இருக்கு. டூப்ளிக்கேற் செய்யிற ஆள் கனநேரம் மினக்கெட மாட்டார், ஒரு ஒறிஜினலை எடுத்து அப்பிடியே மண்ணில அமத்தி அச்செடுத்துப் பித்தளையை ஊத்தியிருப்பார். பித்தளை ஆறி இறுகேக்க கிட்டத்தட்ட 1.5 வீதம் சுருங்கும். 100 மில்லிமீற்றர் தூரத்தில இருக்க வேண்டிய ரெண்டு ஸ்ரட் 98.5இல வந்து நிக்கும், அது போதும் பொனற்றில இறங்காமல் நிக்க. அந்தக் கொப்பியைப் பாத்து இன்னொருத்தர் கொப்பி அடிச்சால் அது இன்னும் சுருங்கும். ஸ்ரட்டின்ரை புரியையும் பாருங்கோ, 6 மில்லிமீற்றர் மெற்றிக் நட் அதில ஓடுதெண்டால் அது 50களில ஒஸ்ரினுக்கெண்டு செய்த சாமானா இருக்க வாய்ப்புக் குறைவு, அந்தக் காலத்து ஒஸ்ரின் கார்களில மெற்றிக் புரி வழமையில்லை.

இதுவரைக்கும் கராஜில ஆரும் சொல்லித்தரக்கூடிய விசயம். எனக்கு உங்கட ரெண்டு படத்திலயும் கண் நிண்ட இடம் வேற. அந்தச் செட்டை. ஒறிஜினலில ‘ஏ’ எழுத்து முன்னுக்குச் சாஞ்சு நிக்க, அதின்ரை முதுகிலயிருந்து செட்டை பின்னுக்கு இழுபட்டு, போகப்போக மெலிஞ்சு, கடைசியில கத்தி விளிம்பு மாதிரி முடியுது. டூப்ளிக்கேற்றில அந்த முடிவு தடிப்பா மழுங்கிப்போய் நிக்குது, ஏனெண்டால் மண் அச்சில அவ்வளவு மெல்லிசா உலோகம் ஓடாது, அதுக்காக அச்சுக்காரர் கொஞ்சம் கூட்டி விட்டிருக்கிறார். எழுத்து சரி, அளவும் கிட்டத்தட்டச் சரி, ஆனா பறப்பு இல்லை. கொப்பியடிச்ச ஆளால கொண்டுவர ஏலாமல் போனது எதுவோ அதுதான் முதல் வரைஞ்ச ஆளின்ரை கை. இனி உங்கட சோமசெற்றைப் பக்கவாட்டில நிப்பாட்டி, பத்துப் பன்னிரண்டடி தள்ளி நிண்டு முன் மட்காட்டின்ரை கோட்டைப் பாருங்கோ, ஹெட்லைற்றுக்கு மேல எழும்பி, கதவுக்கு மேலால பின்னுக்குச் சரிஞ்சு, மெல்ல மெல்ல இல்லாமல் போகும். செட்டையும் மட்காட்டும் ஒரே மாதிரி விழுகுது. பொனற்றில பூட்டின சின்னத்தையும் காரின்ரை உடம்பையும் வரைஞ்சது ஒரே ஆள்தான்.

அவர்ரை பேர் றிக்கார்டோ பூர்ட்ஸி, ஒஸ்ரின் கம்பனியில டிக் பூர்ட்ஸி எண்டு கூப்பிட்டவை. பிறந்தது ஆர்ஜென்ரீனாவின்ரை புவனஸ் அயர்ஸில, பூர்வீகம் இத்தாலி. இத்தாலியில லான்சியா கார்க் கம்பனியில வேலை செய்துகொண்டு பத்திரிகைக்குக் கேலிச்சித்திரமும் வரைஞ்சவர், முசோலினியை வச்சு வரைஞ்ச படங்கள் ஆட்சியில இருந்தவைக்குப் பிடிக்காமல் போக நாட்டை விட்டு வெளிக்கிட வேண்டி வந்திட்டுது. கம்பனி முதலாளி வின்சென்சோ லான்சியாவே ஒஸ்ரின் கம்பனியைத் துவக்கின ஹேர்பேர்ட் ஒஸ்ரினிட்டச் சொல்லி இவரை அங்க சேத்துவிட்டதாச் சொல்லுகினம். 1929இல பேர்மிங்ஹாம் லோங்பிறிட்ஜ் தொழிற்சாலையில வந்து சேந்தார். பிறகு 1940 ஜூனில இத்தாலி யுத்தத்துக்குள்ள இறங்க, பிரிட்டனில இருந்த இத்தாலியக்காரர் கனபேரைப் பிடிச்சு அடைக்கத் துவங்கிச்சினம், முசோலினியை எதிர்த்துப் படம் கீறினதால தப்பி வந்த இந்த மனுசனையும் இத்தாலியக்காரன் எண்டு சொல்லி ஐல் ஒஃப் மான் தீவில கொண்டுபோய்த் தடுத்து வச்சவை. இதை வாசிச்ச நேரம் எனக்கு நெஞ்சு இறுகிப்போச்சு. ரெண்டு பக்கத்துக்கும் ஆகாத ஆளாப் போறதெண்டால் என்னெண்டு எங்கட சனத்துக்கு ஆரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

யுத்தம் முடிஞ்சாப்போல அதே லோங்பிறிட்ஜில, அதே மேசையில, லியோனார்ட் லோர்ட் எண்ட கடும் முதலாளிக்குக் கீழ இருந்து அவர் வரைஞ்ச கார்கள்தான் எங்கட றோட்டில ஓடினது. 1947இல ஏ40 டெவன், 1952இல சோமசெற். அந்த நேரம் இங்கிலாந்தில இரும்புத் தகடு தட்டுப்பாடு, வெளிநாட்டுக்கு எவ்வளவு ஏத்துறியோ அதுக்கேத்த மாதிரித்தான் தகடு தருவம் எண்டு அரசாங்கம் கையை விரிச்சிட்டுது, அதால செய்த கார்களில பெரும்பகுதியைக் கப்பலில ஏத்தி வெளியிலதான் அனுப்பினவை. அந்த நேரத்து இலங்கைக்கு இவ்வளவு ஒஸ்ரின் வந்து இறங்கினதுக்கு அதுவும் ஒரு காரணம். சோமசெற் மட்டும் ரெண்டு வருசத்துக்குள்ள ஒரு இலட்சத்து எழுபதினாயிரத்துக்கு மேல செய்தவை. டெவன் ரெண்டரை இலட்சத்தையும் தாண்டினது. இவ்வளவு சனம் ஏறி இறங்கின காரை வரைஞ்ச ஆளின்ரை பேர், கலியாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் செத்தவீட்டுக்கும் அதே காரில போய் வந்த எங்களுக்குத் தெரியாமல் இருக்கிறது எனக்குச் சரியாப் படேல்லை, அதுதான் இவ்வளவு நீளமா எழுதுறன்.

பெட்டியில வந்ததை எறியாதேங்கோ. பொனற்றில பூட்டுறதுக்காக ஓட்டையைப் பெருப்பிக்கவும் வேண்டாம், பொனற் ஒருக்காப் பழுதாப் போனால் போனதுதான். ஒறிஜினலை என்ன செய்யிறதெண்டு அடுத்த பதிலில இருக்கு.

கேள்வி (சுன்னாகம் வாசகர்): பழைய ஒஸ்ரின் சின்னம், கதவுக் கைபிடி எல்லாம் குரோம் பிளேற்றிங் செய்யக் குடுத்தால் திருப்பித் தரேக்க பள்ளம் பள்ளமா வருது. பம்பர் மட்டும் நல்லா வருது. ஏன்?

பதில்: பம்பர் இரும்பு, நீங்கள் சொல்லுற சின்னச் சாமான் கனக்க மசாக். குரோம் பூச்சு கண்ணுக்குத் தெரியாத நுண் துளையுள்ளது, எங்கட கடற்காத்து ஈரம் அதுக்குள்ளால இறங்கி நாகத்தை அரிக்கும், அரிச்ச இடம் உப்பிப் பொக்களமா வெளியில தெரியும். நீங்கள் பாக்கிற பொக்களம் மேல, ஆனா வருத்தம் உள்ளுக்குள்ள. பிளேற்றிங் கடையில பழைய பூச்சைக் கழட்ட அசிற்றுக்குள்ள போட்டுவிட்டால் இரும்புக்கு ஒண்டும் ஆகாது, மசாக்கைத் திண்டுபோடும். முறையாச் செய்யிறதெண்டால் ஒவ்வொரு பள்ளமா அரிப்பைச் சுரண்டி எடுத்து, செம்புப் பூச்சு தடிப்பாப் போட்டு, தேச்சு மட்டமாக்கி, திரும்பச் செம்பு, பிறகு நிக்கல், கடைசியாத்தான் குரோம். இதுக்கு நேரமும் காசும் போகும். குடுக்கேக்கயே இது மசாக் எண்டு வாயால சொல்லிக் குடுங்கோ. உடைஞ்ச துண்டை ஒட்டுறதெண்டு காஸ் லாம்பு பிடிக்கவே வேண்டாம், 400 பாகை வரமுதலே உருகி ஒழுகிடும்.

பள்ளம் ஆழமெண்டால், மேல இருக்கிற அழுக்கை எடுத்து மெழுகு பூசி அப்பிடியே விடுறதுதான் என்ரை விருப்பம். கோடு கெடாமல் இருக்கிற பொக்களிச்ச சின்னம், கோடு கெட்ட பளபளப்புச் சின்னத்தைவிட எவ்வளவோ மேல்.

கேள்வி (நல்லூரிலயிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்): என்னிடம் இருப்பது ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், பின்னால் செட்டை வைத்த மாதிரி. இதை வரைந்தவர் இத்தாலியர் என்று என் நண்பர் சொல்லுகிறார். அது நீங்கள் முன்பு ஒருதரம் குறிப்பிட்ட அதே பூர்ட்ஸியா?

பதில்: இல்லை ஐயா, இது வேற இத்தாலியர், இந்த இடத்திலதான் பூர்ட்ஸியின்ரை கதையும் இறங்குமுகமாப் போகுது.

1955 டிசம்பரில எடின்பரோ கோமகன் பிலிப் லோங்பிறிட்ஜைப் பாக்க வந்தவர். வரப்போற மாதிரிகளைப் பாத்துப்போட்டு, வெளிநாட்டுக் கார்களோட போட்டி போட இது காணாது எண்ட மாதிரிச் சொன்னவராம். லோர்ட் சும்மா இருக்கிற ஆளோ, கையோட இத்தாலியின்ரை கார் வடிவமைப்பாளர் பினின் ஃபாரினாவைப் பிடிச்சிட்டார். 1958இல ஏ40 ஃபாரினா வந்தது, 1959இல உங்கட செட்டை வச்ச கேம்பிரிட்ஜ் ஏ55 ரெண்டாம் மாதிரி. அதே உடம்புக்கு முன்பக்கத்தையும் சில்லறை வேலைப்பாடுகளையும் மாத்தி, ஒஸ்ரினோட சேத்து மொறிஸ் ஒக்ஸ்ஃபோர்ட், வூல்ஸ்லி, றைலி, எம்.ஜி. எண்டு அஞ்சு பேரில வித்தவை. பெஜோ 404ஐ உங்கட காருக்குப் பக்கத்தில நிப்பாட்டினால் சகோதரம் மாதிரி இருக்கும், அதுவும் அவரிட்டப் போய் வந்ததுதான். பினின் எண்டது செல்லப்பேர், அவர்ரை சொந்தப் பேர் பட்டிஸ்ரா ஃபாரினா; அவருக்கு 1961இல அரசாங்க ஆணையால குடும்பப் பேரே பினின்ஃபாரினா எண்டு மாறினது, இண்டைக்கும் உலகம் முழுக்கத் தெரிஞ்ச பேர்.

பூர்ட்ஸி எங்கயும் போகேல்லை, அங்கதான் இருந்தவர், மேசையும் அங்கதான் இருந்தது. ஆனா வெளியில பேர் சொல்லி விக்கிற வேலை இன்னொருத்தரிட்டப் போயிட்டுது. பினின் ஃபாரினா கெட்டிக்காரர், அதில எனக்கு மறுப்பில்லை, உங்கட கேம்பிரிட்ஜ் வடிவான கார். ஆனா பூர்ட்ஸி ஏன் மறக்கப்பட்டார் எண்டால் அவர் திறமை குறைஞ்ச ஆள் எண்டு இல்லை, அவர் சம்பளத்துக்கு வேலை செய்த ஆள். தன்ரை பேரில ஒரு கடை வச்சிருக்கேல்லை. முதலாளி பென்சிலை வாங்கி இங்க கொஞ்சம் தூக்கு, அங்க கொஞ்சம் வெட்டு எண்டு சொன்னால் கேக்கத்தான் வேணும், லோர்ட் அப்பிடிக் கை வைக்கிறதில பேர்போன ஆள். மொறிஸ் மைனரை வரைஞ்ச அலெக் இசிகோனிசின்ரை பேர் எல்லாருக்கும் தெரியும், 1959இல அவர் வரைஞ்ச மினி காரும் வந்து 1969இல சேர் பட்டமும் கிடைச்சிட்டுது. அதே காலத்தில பக்கத்தில இருந்து எங்கட ஏ40ஐ வரைஞ்சவரைப் பற்றிக் கதைக்க ஆளில்லை.

கேள்வி (பருத்தித்துறை வாசகர்): பெற்றோல் தடை இருந்த காலத்தில எங்கட அப்பாவின்ரை ஏ40 மண்ணெண்ணையில ஓடினது. இப்பத்த ஜப்பான் காரில அப்பிடி ஓட ஏலுமோ?

பதில்: ஏலாது, யோசிக்கவும் வேண்டாம். ஏ40 எஞ்சின் 1200 சீசி, உள்ளுக்குள்ள அமுக்கம் குறைவு, ஒண்டுக்கு ஏழு சொச்சம்தான். மண்ணெண்ணை அமுக்கம் கூடின எஞ்சினில தன்ரை பாட்டில முந்திப் பத்தி இடிக்கும், அமுக்கம் குறைஞ்சதில ஓரளவு அடங்கி எரியும். குளிரில அது ஆவியாகாது, அதாலதான் கபரேற்றருக்குள்ள துளிப் பெற்றோலை விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறினாப்போல மண்ணெண்ணைக்கு மாத்தினது. இப்பத்த எஞ்சின் அமுக்கமும் கூட, இன்ஜெக்ரரும் சென்சரும் பழுதாப்போகும்.

உங்களிட்ட அந்த ஏ40 இன்னும் இருந்தால் எஞ்சின் ஒயிலைக் கெதி கெதியா மாத்துங்கோ, எரியாத மண்ணெண்ணை பிஸ்ரன் பக்கத்தால இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கும், அந்தக் காலத்தில ஓடின எஞ்சின்களில பெயாரிங் தேஞ்சதுக்கு அதுவும் ஒரு காரணம். திறக்கிற நேரம் வால்வையும் பாத்துப்போட்டு மூடுங்கோ.

கேள்வி (சாவகச்சேரி வாசகர்): இந்திய அம்பாசிடர் காரின்ரை எஞ்சின் சாமான் ஒஸ்ரினுக்குப் பொருந்தும் எண்டு கடைக்காரர் சொல்லுறார். நம்பலாமோ?

பதில்: எந்த ஒஸ்ரின் எண்டு நீங்கள் எழுதேல்லை, அதிலதான் எல்லாம் இருக்கு. கேம்பிரிட்ஜ் ஏ50, ஏ55 எண்டால் 1489 சீசி, பி சீரிஸ் எண்ட வகை எஞ்சின், அம்பாசிடரிலயும் கனகாலமா அதே குடும்பத்து 1489 எஞ்சின்தான் வந்தது, பிஸ்ரன், றிங், வால்வு, ஹெட் காஸ்கெற் கனக்கப் பொருந்தும், பழசையும் கையில கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கோ. ஏ60 எண்டால் 1622 சீசி, சிலிண்டர் துளை 73 மில்லிமீற்றரிலயிருந்து 76.2க்குப் பெருத்திட்டுது, அந்தப் பிஸ்ரன் சரிவராது. டெவன், சோமசெற்றின்ரை 1200 எஞ்சின் வேற, அதுக்கு அம்பாசிடர் சாமான் வாங்கிக் காசைக் கரியாக்காதேங்கோ. பிந்தின அம்பாசிடரில இசுசு எஞ்சினும் வந்தது, அதையும் கேட்டுக் கொள்ளுங்கோ.

நட்டுப் போல்ற்றிலயும் கவனம். பழைய இங்கிலாந்துப் புரியான பி.எஸ்.எஃப். கால் இஞ்சியில இஞ்சிக்கு 26 புரி, பிறகு வந்த யு.என்.எஃப். கால் இஞ்சியில 28, ரெண்டும் பாக்க ஒண்டுதான். ரெண்டு சுத்து நல்லா ஏறும், மூண்டாவது இறுகும், அப்ப ஸ்பனரால பலவந்தம் பண்ணினால் புரி போச்சு.

கேள்வி (மானிப்பாய் வாசகர்): வாங்கலாமெண்டு ஒரு ஆரம்பகால மொறிஸ் மைனர் பாத்தன். முன் பம்பர் நடுவில வெட்டி ஒரு துண்டு வச்சு ஒட்டின மாதிரி இருக்கு. அடிபட்ட காரோ?

பதில்: அடிபட்டதெண்டு சொல்ல ஏலாது, கம்பனியே அப்பிடித்தான் அனுப்பினது. மைனர் 1948இல வெளியில வரமுதல், செய்து முடிஞ்ச மாதிரியைப் பாத்த இசிகோனிசுக்கு அகலம் காணாதெண்டு பட்டு, காரை நெடுக நடுவால வெட்டி ரெண்டு பாதியையும் தள்ளித் தள்ளிப் பாத்து 4 இஞ்சி கூட்டினவர். அதுக்குள்ள பம்பர் எல்லாம் செய்து அடுக்கியாச்சு, அதால அதையும் நடுவில வெட்டித் துண்டு வச்சவை. பொனற்றின்ரை நடுவால தட்டையா ஒரு பட்டை ஓடுறதும் அதே 4 இஞ்சிதான். அந்தத் துண்டு வச்ச பம்பர் இருந்தால் அதை மாத்தாமல் வச்சிருங்கோ, காரின்ரை வயசுக்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. அடித் தகட்டில துரு இருக்கோ எண்டு பாத்து விலையைப் பேசுங்கோ.

கேள்வி (திருநெல்வேலி, சித்திரம் படிக்கிற மாணவி): ஐயா, பூர்ட்ஸி வேற என்ன வரைஞ்சவர்? பாத்து வரைஞ்சு பழக ஆசை.

பதில்: நல்ல கேள்வி பிள்ளை. மூண்டு சொல்லுறன்.

ஒண்டு, ஏ90 அத்லாந்திக். 1948இல லண்டன் கண்காட்சியில காட்டினவை, அமெரிக்காவில விக்கிறதுக்கெண்டே செய்த 2660 சீசி கார். நடுவில மூண்டாவது ஹெட்லைற், முன்னுக்கு ரெண்டு மட்காட்டுக்கும் ஒவ்வொண்டா ரெண்டு பறக்கிற ‘ஏ’. 1949இல இண்டியானாபொலிஸ் ஓடுபாதையில ஏழு நாள் விடாமல் ஓடி 63 சாதனை வச்சும் அமெரிக்கர் வாங்கேல்லை, மொத்தமே எண்ணாயிரத்துக்குக் கிட்டத்தான் செய்தவை. ஆனா அதின்ரை எஞ்சின்தான் பிறகு ஒஸ்ரின் ஹீலி 100 எண்ட ஸ்போர்ட்ஸ் காரில போனது. அத்லாந்திக் கோடுகள் எனக்குக் கொஞ்சம் கூடிப்போன மாதிரித்தான் தெரியும், ஒரு காருக்குள்ள ரெண்டு காரின்ரை ஆசையை அடக்கியிருக்கிறார், எண்டாலும் ஒரு ஆள் கட்டுப்பாடில்லாமல் வரைஞ்சால் என்ன வரும் எண்டு அதில பாக்கலாம்.

ரெண்டு, 1951இல வந்த குட்டி ஏ30. இதில முதல் களிமண் மாதிரியைச் செய்தது அமெரிக்காவின்ரை றேமண்ட் லோவி வடிவமைப்பு நிறுவனத்திலயிருந்து வந்த பொப் கோட்டோ, அதை ஒடுக்கிச் சுருக்கி, செய்யக்கூடிய காரா மாத்தினது பூர்ட்ஸி. அதை ஒருக்காப் பக்கவாட்டில வரைஞ்சு பாருங்கோ, உயரம் கூட, நீளம் குறைவு, இந்தக் கணக்குக்குள்ள ஒரு கார் விகாரமில்லாமல் நிக்கிறதே பெரிய வேலை.

மூண்டு, உங்களுக்குக் கிட்ட இருக்கிற சோமசெற். இணுவில், கோண்டாவில் பக்கம் ஒரு ஒழுங்கைக்குள்ள ஆற்றையும் வீட்டு வாசலில ஒண்டு நிக்கும், கேட்டால் விடுவினம். காலமை வெயில் சரிவா விழேக்க போங்கோ, அப்பத்தான் மட்காட்டின்ரை வளைவு நிழலில தெரியும். முதல்ல கதவையும் கண்ணாடியையும் வரைய வேண்டாம். முன் மட்காட்டிலயிருந்து போற அந்த ஒரு கோட்டை மட்டும் கையெடுக்காமல் ஒரே இழுவையில வரைஞ்சு பழகுங்கோ, அது சரியா வந்தால் மற்றது தானா வந்து உக்காரும். ரெண்டு கதவுக்கும் நடுவில இருக்கிற தூணில சிக்னல் கை மடிஞ்சு கிடக்கிற வெட்டையும் பாத்து விடாதேங்கோ, போட்டால் சின்னக் கை ஒண்டு வெளிச்சத்தோட வெளியில நீட்டும்.

கேள்வி (யாழ் நகரில பித்தளை வார்ப்பு வேலை செய்யிற ஒருவர்): பறக்கிற ‘ஏ’ செய்து தரச்சொல்லி என்னட்ட ஆக்கள் வருகினம். குத்துவிளக்கு வார்க்கிற எனக்கு இது பெரிய வேலையில்லை, ஆனா செய்து குடுத்தால் ஓட்டை சரிவருகுதில்லை எண்டு திருப்பிக் கொண்டு வருகினம். எப்பிடிச் செய்யிறது?

பதில்: அண்ணை, நீங்கள் கேட்டது எனக்குப் பெரிய சந்தோசம், கேக்காமலே வார்த்து வித்துக்கொண்டு போயிருக்கலாம்.

ஒறிஜினலை நேர மண்ணில அமத்தி அச்செடுக்காதேங்கோ, அதிலதான் எல்லாப் பிழையும் துவங்குது. அளவெடுத்து 1.5 வீதம் பெரிசா ஒரு மாதிரி செய்யுங்கோ, மரத்திலயோ மெழுகிலயோ. கம்பியூட்டரில முப்பரிமாணமா அளந்து பெருப்பிச்சு அச்சடிச்சுத் தாற ஆக்கள் இப்ப இருக்கினம், அது லேசு. எல்லாப் பக்கமும் ஒரே வீதத்தில பெருக்க வேணும், நீளத்தை மட்டும் கூட்டினால் எழுத்தின்ரை சாய்வு மாறிப்போகும். பிறகு தேச்சு மினுக்கேக்க கொஞ்சம் போகும், அதுக்கும் ஒரு துளி விடுங்கோ.

செட்டை முடிவுதான் கஷ்டம். மண் அச்சில அந்த மெல்லிசு வராது, வரவைக்கிறதுக்கெண்டு தடிப்பாக்கவும் வேண்டாம். சாமி விக்கிரகம் செய்யிற மாதிரி மெழுகில உருச்செய்து, மேல களிமண் பூசி, மெழுகை உருக்கி வெளியில எடுத்துப்போட்டு ஊத்துற முறையில செய்யுங்கோ, மெல்லிசான இடத்துக்கும் உலோகம் ஓடும். நேரம் கூடப் போகும், விலையும் கூடத்தான் கேக்க வேணும், உண்மையான விருப்பமுள்ள ஆள் குடுக்கும். உள்பக்கத்தைக் கோறையா விடுங்கோ, முழுக்க இறுக்கமா வார்த்தால் பாரத்தில பொனற் தகடு ஆடி ஆடி ஓட்டையடியில வெடிக்கும்.

ஸ்ரட்டை வார்ப்போட சேத்து வார்க்கவே வேண்டாம். அடியில ரெண்டு மேட்டை மட்டும் விட்டுப்போட்டு, வந்த ஆளின்ரை பொனற்றிலயே கடதாசியை வச்சு ஓட்டையைப் பதிஞ்செடுத்து, அந்த அளவுக்குத் துளைச்சுப் புரி வெட்டி ஸ்ரட்டை முறுக்கி விடுங்கோ, எழுபது வருசத்துக்குள்ள எத்தினை பேர் அந்தப் பொனற்றைத் தட்டி நிமித்தியிருப்பினம், புத்தகத்து அளவு அங்க சரிவராது. நடுவில மெல்லிய றப்பர் துண்டும் வச்சுக் குடுங்கோ, பித்தளையும் இரும்பும் நேர முட்டிக்கொண்டு நிண்டால் மழைத்தண்ணியில இரும்புதான் முதல்ல துருப்பிடிக்கும்.

உள்பக்கத்தில உங்கட பேரையும் செய்த வருசத்தையும் குத்தி விடுங்கோ. பிறகொரு காலம் அதை வாங்கிற ஆள் ஒறிஜினலெண்டு நம்பி ஏமாறாது, செய்தது ஆரெண்டும் தேடித் திரியத் தேவையில்லை.